பன்னிரண்டு அடி தள்ளி

ஊராட்சி அலுவலகத்துக்கு முதல்நாள் போனபோது, பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டேன். செயலர் பீரோவைத் திறந்தார். திறந்த வேகத்தில் ஒரு கட்டு சரிந்து என் கால்மேல் விழுந்தது. வலியைவிட எரிச்சல்தான் அதிகம் வந்தது. கரையான் அரித்த அட்டை, சணல் கயிறு, பக்கங்களுக்கு நடுவே காய்ந்துபோன ஒரு பல்லி. ஒரு பதிவேட்டில் பதினேழாம் எண் என்றிருந்த வீடு, இன்னொரு பதிவேட்டில் ‘டிரான்ஸ்பார்மர் எதிர் வீடு’ என்று இருந்தது. அந்த டிரான்ஸ்பார்மரை அங்கிருந்து எடுத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டதாம்.

“எங்களுக்குத் தெரியும் மேடம். வெளிய இருந்து வர்றவுகளுக்குத்தான் தெரியாது,” என்றார் செயலர். ஐம்பதைத் தாண்டியவர். எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

அந்தப் பீரோவை ஒழித்துக்கட்டுவதுதான் என் வேலை. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம் இருக்கிறது. முதலாளியையும் சேர்த்து நான்கு பேர். ஊராட்சிகளுக்கான பதிவேடுகளை இணையத்தில் ஏற்றி, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் காட்டும் ஒரு மென்பொருளைச் செய்து தரும் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்திருந்தது. வீடு, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பொதுக்கிணறு, சுடுகாடு என்று எல்லாமே படத்தில் ஒரு புள்ளியாக இருக்கும். புள்ளியைத் தொட்டால் யார் வீடு, எந்த நிலத்தில் இருக்கிறது, வீட்டின் முகப்பு எப்படி இருக்கும் என்று எல்லாம் விரியும். சோதனைக்காக முதலில் ஒரே ஓர் ஊராட்சியை எடுத்துக்கொண்டோம். ரெட்டியார்சத்திரம் தாண்டி உள்ளே போகும் ஊர். பெயர் வேண்டாம்.

நான் பொறுமைசாலி இல்லை. கணக்கு நோட்டில் கோடு கோணலாக விழுந்தால் அந்தத் தாளையே கிழித்துப்போடும் பிள்ளையாக இருந்தவள். அந்த ஊரின் பதிவேடுகளைப் பார்த்தபோது, இத்தனை வருடம் இந்த மனிதர்கள் எப்படித்தான் குடித்தனம் நடத்தினார்களோ என்று நினைத்தேன். நான் வந்து அவர்களைத் தூக்கி நிறுத்தப்போவதாகவும் நினைத்துக்கொண்டேன். இதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வீடு வீடாகப் போய்ப் புகைப்படம் எடுக்கும் வேலையை நானே செய்தேன். ஆள் வைத்தால் அரைகுறையாகச் செய்வார்கள் என்ற நம்பிக்கையின்மை. காலையில் ஸ்கூட்டரில் போய் இறங்கினால், மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு வரும் பெண்கள் எதிரே வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த அக்கா. நாற்பது வயதிருக்கும். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். ஊரின் கடைசித் தெருவில், ஓடையைப் பார்த்த மாதிரி இருந்தது அக்காவின் வீடு.

புகைப்படம் எடுக்கப் போனபோது, “செத்த நேரம் பொறு தங்கச்சி,” என்று உள்ளே ஓடினார். முகம் கழுவி, தலை சீவி, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். வீட்டை மட்டும் எடுத்தால் போதும், ஆள் வேண்டாம் என்றேன்.

“நான் இல்லாம வீடு ஏது? மூணு தடவையாக் கட்டுனது. மொதல்ல சுவரு. அப்பறம் நாலு வருசம் கழிச்சு மேல ஓடு. கதவு போன வருசந்தான். அதுவரைக்கும் சாக்குப் படுதாதான் தொங்குச்சு. கதவு நல்லாத் தெரியிற மாதிரி எடு.”

கதவுக்கு நீல பெயிண்ட் அடித்திருந்தது. அவரையும் சேர்த்தே எடுத்தேன். அலுவலகத்தில் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு வேலை மும்முரத்தில் மறந்துபோனது. அந்தப் படம் அவரோடு சேர்த்தே சர்வருக்குப் போயிற்று.

வீடுகள் முடிந்தன. அடுத்தது நிலம். இதுதான் கஷ்டமான பகுதி. பழைய கிராம வரைபடம் துணியில் ஒட்டிய காகிதம். எது குடியிருப்புக்கான நத்தம், எது ஓடை, எது பாதை என்று அதில் கோடு போட்டிருக்கும். அதை ஸ்கேன் செய்து, வானத்திலிருந்து எடுத்த இன்றைய படத்தின்மேல் உட்கார வைக்க வேண்டும். சும்மா வைத்தால் உட்காராது. வரைபடத்தில் குறித்திருக்கும் எல்லைக் கற்களை நேரில் தேடிப்பிடித்து, அந்த இடங்களை ஜி.பி.எஸ். கருவியில் அளந்து, காகிதத்தில் இருக்கும் கல்லையும் மண்ணில் இருக்கும் கல்லையும் ஒன்றாக்க வேண்டும். பாயை விரித்து நான்கு மூலையிலும் கனம் வைப்பது மாதிரி.

நான்கு கற்கள் கிடைத்தன. இரண்டு வயல்காட்டில். மூன்றாவது, ஓடைக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் புதருக்குள், ஒரு மூலை உடைந்து சாய்ந்து கிடந்தது. அதை அளக்கப் போய் என் துப்பட்டா முள்ளில் கிழிந்தது. நான்காவது ராஜ மரியாதையோடு இருந்தது. ரோட்டோரம் வேப்பமரத்தடியில், மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு சிவப்புத் துணி சுற்றி நின்றது. நான் போன நேரம் அந்த அக்காதான் அதன் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, இது எல்லைக்கல்லா?”

“எல்லைக்கல்லேதான் தங்கச்சி. மூணு ஊரு எல்லையும் சேர்ற கல்லு. எங்களுக்கு இதுதான் சாமி. மொதப் பூ இதுக்கு வச்சிட்டுத்தான் மத்த பூவக் கட்டுவோம்.”

நான் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில் அப்பட்டமான உண்மை. நான் கேட்டது போதாது என்பது எனக்குத் தெரியவில்லை.

அலுவலகத்துக்கு வந்து நான்கையும் பொருத்தினேன். பொருந்தவில்லை. எங்கோ ஒரு கல் இடறியது. நான்கில் ஒன்று இடம் மாறியிருக்கிறது என்று திரை சொன்னது. எது என்று அது சொல்லாது. அதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் முடிவு செய்ய ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்று புதருக்குள் உடைந்து சாய்ந்து கிடக்கிறது. இன்னொன்றை ஊரே தினமும் பூ வைத்துக் கும்பிடுகிறது. கும்பிடும் கல்லை யார் நகர்த்துவார்கள்? சாய்ந்த கல்லை நீக்கிவிட்டு மற்ற மூன்றையும் வைத்துப் பொருத்தினேன். வரைபடம் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தில், கீழே இறங்கிப்போய் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொண்டு வந்தேன்.

செயலரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருடைய பீரோவைப் பார்த்த பிறகு அவரிடம் எதையும் கேட்கும் எண்ணமே எனக்கு இல்லாமல் போயிருந்தது.

படம் உட்கார்ந்ததும் நிறம் கொடுத்தேன். நத்தத்தில் இருக்கும் வீடுகளுக்குப் பச்சை. ஓடை, குளம், பாதை என்று பொது நிலத்தில் இருப்பவற்றுக்குச் சிவப்பு. ஊர் முழுக்கப் பச்சையாகப் பூத்து, ஓடையோரத்தில் மட்டும் மூன்று சிவப்புப் புள்ளிகள் வந்தன. இரண்டு வீடுகள் ஓடைக்கரை மேலேயே இருந்தன. நேரில் பார்த்தாலே தெரியும். மூன்றாவது அந்த அக்காவின் வீடு. வீட்டில் முக்கால் பங்கு ஓடையின் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

வானத்துப் படத்தில் ஓடை என்று ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கும். அங்கே தெரிந்ததெல்லாம் கருவேலங்காடுதான். பாருங்கள், ஓடையை எவ்வளவு தூரம் தின்றிருக்கிறார்கள் என்று முதலாளியிடம் காட்டியது நான்தான். அவருக்கு அந்தச் சிவப்பு மிகவும் பிடித்துப்போயிற்று. அதிகாரிகளுக்குச் செய்து காட்டிய நாளில் வேறு எதையும் அவர் காட்டவில்லை. தெருவிளக்கையும் குழாயையும் யாரும் கேட்கவும் இல்லை. “ஒரே பட்டன்ல ஆக்கிரமிப்பு லிஸ்ட் வருது சார்,” என்றார். அறையில் இருந்தவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்கள். நான் அந்தப் பட்டனை அழுத்தினேன். மூன்று பெயர்கள் வந்தன.

நீர்நிலைகளில் இருக்கும் கட்டடங்களை எடுக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. எங்கே இருக்கிறது என்று தேடி அலைந்தவர்களுக்கு எங்கள் பட்டியல் தட்டில் வைத்த மாதிரி கிடைத்தது. அளக்க வந்தவர்கள் எங்கள் படத்தை அச்சடித்துக் கையில் வைத்திருந்தார்கள். அதில் எந்தக் கல்லிலிருந்து அளக்க வேண்டும் என்று நானே குறித்திருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வேப்பமரத்தடிக் கல்லிலிருந்து டேப் பிடித்து அளந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அளவு படத்தோடு சரியாக வந்ததாம். வராமல் என்ன செய்யும்?

நோட்டீஸ் ஒட்டிய நான்காம் நாள் அந்த அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாகல் நகரில் இறங்கி, ஆட்டோக்காரர்களிடம் விசாரித்து, மாடிப்படி ஏறி வந்திருந்தார். நோட்டீஸை ஒரு மஞ்சள் பைக்குள் மடங்காமல் வைத்திருந்தார்.

“நீதான தங்கச்சி போட்டோ எடுத்த? நீயே ஒரு வார்த்த சொல்லிரு. எங்க வீடு ஓடைக்குள்ள இல்ல. அம்புட்டு மழ பெஞ்சப்பக்கூட வாசலுக்குத் தண்ணி வந்ததில்ல. ஓட அங்கிட்டுல்ல போகுது.”

நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். ஓடையின் எல்லையாகப் போட்டிருந்த நீலக் கோட்டைக் காட்டினேன். சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். பெரிதாக்கினேன். அவருடைய ஓட்டுக்கூரை கோட்டுக்குள் கிடந்தது.

“படம் பொய் சொல்லாதுக்கா,” என்றேன்.

இந்த வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. குரலில் கொஞ்சம் அனுதாபத்தைக் குழைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு, தன்னுடைய கண்ணில்தான் ஏதோ கோளாறு என்பது போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “படிச்சவுக சொன்னாச் சரியாத்தான் இருக்கும்,” என்று எழுந்து போனார். அதில் கேலி எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இடித்த அன்று நான் அங்கே போகவில்லை. யாரோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்த வீடியோவில் பார்த்தேன். பொக்லைன் எந்திரம் முதலில் கூரையைத் தொட்டது. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. அக்கா கதவைக் கழற்றிக்கொள்ளக் கெஞ்சியிருக்கிறார். அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் கதவைத் தூக்கிக்கொண்டு போவது வீடியோவில் தெரிந்தது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சட்டம் என்று ஒன்று இருக்கிறது, ஓடை என்றால் எல்லோருக்கும் பொது, இப்படி என்னென்னவோ சொல்லிக்கொண்டேன்.

இடித்ததைப் பதிவேட்டில் ஏற்றுவதும் என் வேலைதான். ‘அகற்றப்பட்டது’ என்று மாற்ற வேண்டுமானால் அதே இடத்தில் எடுத்த புதுப் புகைப்படம் வேண்டும். யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து பொய்யாக மாற்றிவிடக்கூடாது என்று நானே வைத்த நிபந்தனை. ஆகவே ஒரு வாரம் கழித்து நானே போனேன்.

கல்லும் மண்ணும் குவிந்து கிடந்தன. அக்கா அங்கேதான் இருந்தார். உடையாத ஓடுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்து ஆட்டுக்கொட்டகையில் தங்கியிருப்பதாகச் சொன்னார். கதவை அங்கே கொண்டுபோய் நிறுத்தி வைத்திருக்கிறாராம். மாட்டுவதற்கு அங்கே நிலைச்சட்டம் கிடையாது. என் கையில் இருந்த போனைப் பார்த்து, நான் எதற்கு வந்தேன் என்று அவரே புரிந்துகொண்டார்.

“போட்டோவா? எங்க நிக்கணும் தங்கச்சி?”

“நீங்க நிக்க வேணாங்க்கா.”

அவர் கேட்கவில்லை. வாசல் இருந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்து, அங்கே போய் நின்றார். இந்த முறை தலை சீவவில்லை. நான் எடுத்தேன். முதல் படம் சரியாக விழவில்லை. இரண்டாவது முறை எடுத்தேன். அதுவரைக்கும் அவர் அசையாமல் நின்றார்.

பிறகு இருவரும் அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்தோம். அவர்தான் பேசினார். அழவில்லை. எதையோ மனதில் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி நிதானமாகப் பேசினார்.

“இடிச்சதுகூட எனக்குப் பெரிசாத் தெரியல. ஒரு மரியாத வேணாமா? இந்த ரோட்ட அகலமாப் போட்டப்ப நம்ம கல்லுச்சாமி எடஞ்சலா இருந்துச்சு. எடுக்கணும்னாக. நாங்க சும்மாவா எடுத்தோம்? ஊரே கூடிப் பொங்கல் வச்சு, தேங்கா ஒடச்சு, பொறுத்துக்கன்னு மன்னிப்புக் கேட்டுத்தான் தூக்கிட்டு வந்து வேம்படில வச்சோம். ஒரு கல்லுக்கே அப்புடிச் செஞ்சோம். என் வீட்டுக்கு ஒரு வார்த்த இல்ல.”

“எங்க இருந்துக்கா தூக்கிட்டு வந்தீங்க?”

“அந்தா, அந்தப் பாலத்துக்கு அங்கிட்டு. இப்ப ரோட்டுக்கு அடியில போயிருச்சு அந்த எடம்.”

“அத ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “நீ எல்லைக்கல்லான்னு கேட்ட. ஆமான்னேன். சாமி எங்க இருந்தா என்ன? எல்ல எதுன்னு எங்களுக்குத் தெரியாதா? அதுக்குக் கல்லப் பாத்தா நாங்க நடக்குறோம்?”

அந்த ஊரில் கல்லை நகர்த்தியது எல்லோருக்கும் தெரியும். அளக்க வந்தவர்கள் அதிலிருந்து அளந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. அவர்களுக்கு அது சாமி. சாமியைத் தொட்டு ஆரம்பிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். எனக்கு அது வெறும் புள்ளி. நடுவில் ஒரு வீடு போயிற்று.

அன்றைக்கே மறுபடியும் புதருக்குள் நுழைந்தேன். சாய்ந்து கிடந்த கல்லின் அடியை மண்ணைக் கிளறிப் பார்த்தேன். சாய்ந்திருந்ததே தவிர, ஊன்றிய இடத்திலேயே இருந்தது. அதன் அளவை எடுத்துக்கொண்டு போய், வேப்பமரத்தடிக் கல்லை நீக்கிவிட்டு இதை வைத்துப் பொருத்தினேன். வரைபடம் ஓர் உதறு உதறி நகர்ந்தது. ஓடையோரத்தில் அந்த நகர்வு பன்னிரண்டு அடி. மற்ற இரண்டு வீடுகளும் ஓடைக்குள்ளேயே இருந்தன. அக்காவின் வீடு முழுசாக, நான்கு சுவரும், நத்தத்துக்குள் வந்து உட்கார்ந்தது. புள்ளி தானாகவே பச்சை ஆனது. வானத்துப் படம் பழையது என்பதால் கூரையும் அப்படியே தெரிந்தது.

நான் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார். “இடிச்சது இடிச்சாச்சு. இப்ப போயி நம்ம தப்புன்னு நம்மளே எழுதிக் குடுக்கறதா? வீடு திரும்பி வந்துருமா?” என்றார். நான் கேட்கவில்லை. என்னுடைய பிடிவாதம் அவருக்குத் தெரியும். நான்கு நாள் சண்டை போட்டேன். வேலையை விட்டுவிடுவேன் என்றேன். கடைசியில் திருத்திய வரைபடத்தோடு, எங்கே தவறு நடந்தது, எந்த வீடு தவறாகச் சேர்ந்தது என்று விவரமாக எழுதி மேலே அனுப்பினோம். ஊராட்சி ஏற்றுக்கொண்டது. அதிகாரிகளும் திருத்தத்தை அங்கீகரித்து, பதிவைப் பூட்டினார்கள். அப்படிப் பூட்டிய பதிவில் இனி யாரும் கை வைக்க முடியாது. நான்தான் அப்படி அமைத்திருந்தேன்.

அன்று ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். “உங்க வீடு ஓடைல இல்லன்னு இப்ப பதிவுல ஏறிருச்சுக்கா.” அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கொட்டகையில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொல்லி, கத்திரிக்காய் வெஞ்சனத்தோடு சோறு போட்டார். ஒரு பெரிய பாவத்தைக் கழுவிவிட்ட நிம்மதியில் நானும் சாப்பிட்டேன். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று இப்போது நினைத்தால் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஓடையோரம் வீடு இழந்தவர்களுக்குத் திண்டுக்கல்லுக்கு வெளியே கட்டியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாற்று வீடு தருவதாக அறிவிப்பு வந்தது. பட்டியலை எங்கள் மென்பொருளிலிருந்து எடுத்தார்கள். அதே பட்டன்தான். இரண்டு பெயர்கள் வந்தன.

எனக்கு முதலில் தகவல் சொன்னது செயலர். போனில் அவர் சிரிக்கவில்லை. “ஏம்மா, நானும் அந்தம்மாகூடப் போய் ஆபீசர்கள்ட்டப் பேசிப் பாத்தேன். ஓடைல இருந்த வீடுகளத்தான் எடுத்தோம், இந்தம்மா வீடு ஓடைல இல்ல, அப்பறம் எப்புடி எடுத்திருப்போம்னு கேக்குறாக. பதிவப் பாத்தா வீடு பச்சையா நிக்கிது. ஆக்கிரமிப்பு இல்லேன்னு ஆனதும் அகற்றப்பட்டதுங்கறதும் போயிருச்சு போல.”

போயிருந்தது. ஆக்கிரமிப்பில் இருந்த வீட்டுக்குத்தான் ‘அகற்றப்பட்டது’ என்ற நிலையே உண்டு என்று நான் அமைத்திருந்தேன். நத்தத்தில் இருக்கும் வீட்டை யாராவது இடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. பச்சையானதும், நான் ஏற்றியிருந்த இடிபாட்டுப் படமும் விலகி, பதிவு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஊராட்சியின் பதிவுப்படி அந்த வீடு நல்லபடியாக இருந்தது. நீலக் கதவும், வாசலில் சீவிய தலையோடு நிற்கும் அவருமாக.

அந்த இடத்தையாவது திரும்பக் கேட்கலாமே என்றால், அதற்குள் ஓடையை அகலப்படுத்திக் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டார்கள். அவருடைய வாசல் இருந்த இடம் சுவருக்கு உள்பக்கம், ஓடைக்குள். திருத்துவதற்கு முன் அச்சடித்த எங்கள் படத்தை வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். பொய்யாக இருந்த ஓடை உண்மையாகிவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் கடிதம் எழுதியதுதான். எழுதிய கடிதங்களுக்கு, உரிய அலுவலகத்தை அணுகவும் என்று பதில் வந்தது. உரிய அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. நிறுவனத்தின் தாளில் எழுதக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். என் பெயரில் எழுதினேன். என் பெயருக்கு அங்கே என்ன மதிப்பு?

போன மாதம் அக்கா வந்தார். ஆட்டுக்கொட்டகைக்குச் சொந்தக்காரர்கள் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். கணவர் திருப்பூருக்கே வந்துவிடச் சொல்கிறாராம். அங்கே பத்துக்குப் பத்து அறையில் ஏற்கெனவே ஐந்து பேர். மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன். மெலிந்துபோயிருந்தார்.

இனி கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றேன். எனக்குத் தெரிந்த வக்கீலிடம் பேசியிருக்கிறேன், நான் வந்து நடந்ததைச் சொல்கிறேன், என் தவறு என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

“எம்புட்டு நாளாகும்?”

“வருசக்கணக்காகும்க்கா.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அப்ப ஒன்னு செய்யி தங்கச்சி. என்னய மறுபடியும் ஓடைக்குள்ள போட்டுரு. அந்த ரெண்டு வீட்டுக்காரவுகளுக்கும் சாவி குடுத்துட்டாக. அங்க இன்னும் வீடு காலியாக் கெடக்காம். செவப்பாவே இருந்துட்டுப் போறேன்.”

நான் திரையைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி இருந்தது. அதன் ஓரத்தில் பூட்டுப் படம். பூட்டைத் திறக்க மேலிடத்து அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால், சரியாக இருப்பதை எதற்காகத் தவறாக்குகிறாய் என்று கேட்பார்கள். எல்லாவற்றையும் அவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது அசிங்கமாகக் கேட்டது. நடுவில் நிறுத்திவிட்டு, “முடியாதுக்கா. அது பொய்யாயிரும்,” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார்.

“மொதத் தடவ போட்டப்ப முடிஞ்சுச்சுல்ல தங்கச்சி?”